துண்டு போட்ட நிலம்

இந்த நாற்காலியில் அடுத்து உட்காரப்போகிற உங்களுக்கு முதலில் நாற்காலியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். இடது கைப்பிடி ஆடும். சரிசெய்யச் சொல்லி மூன்று முறை மெயில் போட்டேன். மூன்று முறையும் 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று பதில் வந்தது. கைப்பிடி இன்னும் ஆடுகிறது. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று எழுத்தில் வந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பயிற்சி நம் அலுவலகத்தில் கிடையாது.

பணி அனுபவம் எழுதுகிறவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், பென்ஷன் வந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனாலும் இது ஓய்வுதான். ஏழு வருடம் ஆகாயத்திலிருந்து நிலத்தைப் பார்த்தாயிற்று. மனைவிக்கு அமெரிக்காவின் இன்னொரு மூலையில், பிளசன்டனில் வேலை கிடைத்துவிட்டது. நானும் அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்கிறேன். இனி நிலத்துக்கு அடியில்தான் பார்வை. இந்த கேட்டி ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் ஒரு கதையை மட்டும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். மென்பொருளை எப்படி ஓட்டுவது என்று இதில் தேடாதீர்கள். அதற்கு வீடியோ இருக்கிறது, என்னைவிட நன்றாகப் பேசுகிறவர் பேசியிருக்கிறார்.

நாம் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பெயரை வெளியில் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீங்களும் போடுவீர்கள். அந்த நாட்டு அமைச்சகம் நாடு முழுவதற்கும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் தயாரிக்கிறது. வயல், காடு, குடியிருப்பு, தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து மாவட்டம் மாவட்டமாக வரைபடம் போட்டுத் தருவது நம் பொறுப்பு. எதிலும் சேராமல் மிஞ்சுவது சாம்பல் நிறம். அதற்குப் பெயர் 'காலி நிலம்'.

எல்லோருக்கும் பிடித்த நிறம் சாம்பல்தான். காலி நிலத்தில் மரம் நடலாம், காற்றைச் சுத்தமாக்கலாம், அதைச் சொல்லி உலகத்திடம் நிதி வாங்கலாம். அதற்கென்றே ஒரு மரக் கம்பெனி வேலிக் கம்பியோடு காத்திருந்தது. நல்ல காரியம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பூமிக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமையில் காபியைக்கூடக் காகிதக் கோப்பையில் குடிக்காத காலம் அது.

ஒரு வறண்ட மாவட்டம் என் பங்குக்கு வந்தது. மேகம் ஒரு துளிகூட இல்லாத சாட்டிலைட் படங்களாகத் தேடித் தேடிப் பொறுக்கினேன். நிறம் பிரித்தபோது சாம்பலுக்கு நடுவே சின்னச் சின்னப் பொட்டுகள், அம்மை போட்ட முகம் மாதிரி. இப்படி வருவது வழக்கம்தான். சின்னப் புள்ளிகளை எல்லாம் பக்கத்து நிறத்தோடு கரைத்துவிட ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினேன். வரைபடம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது.

முரளி சார் என் பின்னால் நின்று பார்த்தார். அவர்தான் நம் பிரிவின் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். ஆங்கிலத்தில் பேசும்போது அவர் எனக்கு முரளி, தமிழுக்கு மாறியதும் முரளி சார். இந்த ஏற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்களும் இரண்டு நாளில் பழகிக்கொள்வீர்கள்.

"சூப்பரா இருக்கு செல்வம். பாரு, ஒரு தூசி இல்ல. இதையே மத்தவங்களுக்கும் டெம்ப்ளேட்டா அனுப்பு."

அனுப்பினேன்.

மாவட்ட வரைபடத்தில் அந்த மாவட்டத்து நில அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊர்த் தாசில்தார் மாதிரி. அவர் பெயர் ரேச்சல். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்குப் பிற்பகல் மூன்று. வீடியோவில் வந்தார், வரைபடத்தைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன். கிண்டலில் கொஞ்சம் காரம் குறைந்திருக்கும்.

"மிஸ்டர் சாட்டிலைட், என் தங்கச்சிய எங்க வெச்சீங்க?"

"மேடம்?"

"இதோ இந்தச் சாம்பல். இங்கதான் என் தங்கச்சி குடும்பம் மாடு மேய்க்குது. அவ புருஷனோட ஊரே அங்கதான் மேய்க்குது. எல்லாரையும் மொத்தமா அழிச்சிட்டீங்களே, சண்டை ஏதாவதா?"

"படத்துல யாருமே இல்லையே மேடம்."

"எந்த மாசத்துப் படம்?"

சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"அப்ப அவங்க வடக்கே ஆத்துப் பக்கம் போயிருப்பாங்க. மழை வந்தாத்தான் திரும்பி வருவாங்க. மழைன்னா மேகம். மேகம் இல்லாத படம் வேணும், மேகம் இல்லாத படம் வேணும்னு தேடி, நாங்க இல்லாத நாளாப் பாத்து எடுத்திருக்கீங்க. திருடன் கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்."

இந்த வரைபடம் இப்படியே போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். வேலி வரும் என்றார். அடுத்த மழைக்கு மாடுகள் வந்து வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். இதை அமைச்சகத்துக்குக் கடிதமாகவே எழுதியிருந்தாராம். 'கடிதம் வரைபடத் தரவு ஆகாது' என்று அங்கே துணைச் செயலர் பதில் போட்டாராம். கையெழுத்துப் போட மறுக்கலாம். ஆனால் பதினைந்து நாள் தாண்டினால் அவர் கையெழுத்து இல்லாமலேயே அது நிறைவேறிவிடும். அப்படி ஒரு விதி.

அதன் பிறகு அவர் கேட்டதுதான் என்னைக் கவிழ்த்தது.

"உங்க ஊர்ல ஒரு இடம் காலியா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கியவர். பஸ் போர்டை வாசிக்கத் தெரியாது, ஆனால் பண்டிகை நாளில் அவரைத் தேடித்தான் ஜனம் வரும். பஸ் உள்ளே நுழைந்து நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடித்துத் தருவார். துண்டு விழுந்துவிட்டால் அந்த சீட்டு முடிந்தது. எம்.ஏ. படித்தவராக இருந்தாலும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதை ரேச்சலிடம் சொன்னேன்.

"துண்டு போட்டவர் பஸ்சுக்குள்ளயே இருக்க மாட்டாரா?"

"மாட்டார். வெளிய டீ குடிச்சிட்டு இருப்பார்."

"யாரும் உக்கார மாட்டாங்களா?"

"உக்காந்தா சண்டைதான். 'துண்டு கெடக்கு, கண்ணு தெரியல?'ம்பாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் வீடியோ ஒரு நிமிடம் உறைந்து போனது. திரும்பி வந்ததும் சொன்னார்: "எங்க துண்டு வட்டமா இருக்கும் மிஸ்டர் சாட்டிலைட். ராத்திரி மாடு அடைக்க முள்ளு வேலி போடுவோம், வட்டமா. கிளம்பும்போது முள்ளு போயிடும், சாணி தங்கிடும். அந்த எடத்துல மட்டும் புல்லு வேற நிறத்துல வரும், பல வருஷத்துக்கு. இந்த வட்டம் யாரோடதுன்னு பத்து வயசுப் பொண்ணு சொல்லிடும். உங்க சாட்டிலைட்டுக்கு அது தெரியாதா?"

தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்ததே அந்தப் பொட்டுகள், அவைதான். ஒரு பொத்தானைத் தட்டி அத்தனை துண்டையும் நான் துடைத்துப் போட்டிருந்தேன். என் அப்பாவின் மகன். அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

பழைய படத்தைத் திறந்து பொட்டுகளை எல்லாம் மீட்டு எடுத்துக்கொண்டு முரளி சாரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பொறுமையாகப் பார்த்தார். ஒப்பந்தத்தையும் திறந்தார்.

"இங்க பாரு. 'கட்டடமோ பயிரோ கண்ணுக்குத் தெரியாத இடம் காலி நிலம்.' இது நம்ம டெஃபினிஷன் இல்ல, அவங்க குடுத்தது. இதுல கட்டடம் எங்க இருக்கு?"

"வட்டம் இருக்கு சார்."

"சாணி ஸ்ட்ரக்சர் ஆகாதுப்பா."

"அவங்க தங்கச்சி சார்..."

"எனக்கும் தங்கச்சி இருக்கா. டெஃபினிஷனை மாத்தணும்னா அந்தத் துணைச் செயலர் மாத்தணும். வியாழக்கிழமை ரிவ்யூல அவர் வருவார். அதுவரைக்கும் நீ எதையும் கிளறாதே. உன் விசா என் கையெழுத்துல ஓடுதுன்னு ஞாபகம் வெச்சுக்க." மிரட்டலாகச் சொல்லவில்லை, மெய்யாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னார். அதனால் அது இன்னும் நன்றாக வேலை செய்தது. நான் நாற்காலிக்கு வந்து கைப்பிடியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நம் கோயிலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஒரு புல் திடல் உண்டு, பார்த்திருப்பீர்கள். வாரம் முழுக்க ஈ காக்கை இருக்காது. ஞாயிறு வந்தால் கார் நிறுத்தும் இடம் அதுதான். வாலண்டியர்களுக்குத் தலைவர் முரளி சார். பச்சைக் கலரில் ஒளிரும் சட்டை, கழுத்தில் விசில். அலுவலகத்தில் இல்லாத ஒரு கம்பீரம் அந்த விசிலில் வந்துவிடும்.

அன்று கூட்டம். ஒரே ஒரு இடம் மிச்சம். அதன் நடுவே பட்டுப்புடவையில் ஓர் ஆன்ட்டி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். எதிரே ஒரு எஸ்யூவி ஹாரன் அடித்தது.

"ஆன்ட்டி, இப்படி நிக்கக்கூடாது. கார் வரணும்" என்றார் முரளி சார்.

"என் பையன் வரான்பா. சிக்னல்ல நிக்கறான்."

"அவர் வந்தப்புறம் பாத்துக்கலாம் ஆன்ட்டி."

"வந்தப்புறம் நீ எடம் குடுப்பியா? நான் எதுக்கு நிக்கறேன்னு நெனச்சே, சூரிய நமஸ்காரமா?"

எஸ்யூவிக்காரர் கண்ணாடியை இறக்கினார். "சார், காலியாதானே இருக்கு?"

முரளி சார் திடலைப் பார்த்தார், ஆன்ட்டியைப் பார்த்தார், விசிலை எடுத்து ஊதினார். "காலியா இல்லைங்க. அவங்க நிக்கறாங்கல்ல? ஆள் வராங்கன்னா அது அவங்க எடம்தான். நீங்க பின்னாடி போங்க."

பக்கத்தில் நின்ற நான் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். நூறு கார், கைவிரித்த ஆன்ட்டி, நடுவில் விசிலோடு முரளி சார்.

திங்கட்கிழமை அந்தத் திடலின் ஆகாயப் படங்களை எடுத்தேன். வருடத்துக்கு ஒன்றாக ஐந்து படம். ஐந்திலும் மேகம் இல்லை. ஐந்தும் வார நாட்கள். நாட்களைப் பொறுக்கியது யார் என்று கேட்டால் நான்தான். ஆப்பிரிக்காவில் தெரியாமல் செய்ததை இங்கே தெரிந்தே செய்தேன். நம் விதிகளை அப்படியே ஓட்டினேன். முழுத் திடலும் அருமையான சாம்பல். மரம் நடத் தகுதி: மிக உயர்வு.

வியாழன் காலை ஏழு மணி. திரையில் துணைச் செயலர், மரக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார், ரேச்சல். இந்தப் பக்கம் முரளி சாரும் நானும். மாவட்ட வரைபடத்துக்குப் போவதற்கு முன்னால் நம் முறை சரியா என்று பார்க்க ஒரு மாதிரி நிலத்தை வைத்திருக்கிறேன் என்றேன். ஊர்ப் பெயர் போடவில்லை.

"ஐந்து வருடப் படங்கள். கட்டடம் இல்லை, பயிர் இல்லை. இது காலி நிலமா?"

"சந்தேகமே இல்லை" என்றார் துணைச் செயலர்.

"மரம் நட உகந்தது" என்றார் அம்மையார். "வேலி போடுவதும் சுலபம். ஒரு பக்கம் ரோடே இருக்கிறது."

ரேச்சல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"முரளி, நீங்கள்?" என்றேன்.

"தெளிவான கேஸ். யாரும் பயன்படுத்திய தடயமே இல்லை" என்றார் முரளி.

அடுத்த படத்தைத் தட்டினேன்.

நூறு கார். ஆன்ட்டி. விசில். 'அதே நிலம், ஞாயிறு பதினொரு மணி' என்று கீழே எழுதியிருந்தேன்.

விசா, வீட்டு வாடகை, அப்பாவுக்கு நான் வாங்கித் தந்த கட்டில் எல்லாம் என் முன்னால் வரிசையாக வந்து போயின. கடைசியில் துணைச் செயலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நெருங்கினார்.

"நடுவில் விசில் வைத்திருக்கும் அந்த மனிதர் யார்?"

முரளி சார் தொண்டையைக் கனைத்தார். "அது நான்."

"அப்படியா. வார நாட்களில் ஆலோசகர், ஞாயிற்றுக்கிழமை மேய்ப்பர்."

ரேச்சல் மைக்கை மூட மறந்துவிட்டார். அவர் சிரிப்பு அடங்கும் வரை எல்லோரும் காத்திருந்தோம். அம்மையாரும் சிரித்துவிட்டார். முரளி சார் சிரிக்கவில்லை.

ஆனால் துணைச் செயலர் லேசான ஆள் இல்லை. சிரிப்பு முடிந்ததும் கேட்டார்: "உங்கள் திடலுக்குப் புகைப்படம் இருக்கிறது. என் மாவட்டத்துக்கு என்ன இருக்கிறது? வேடிக்கை காட்டியா வரைபடத்தை மாற்றச் சொல்கிறீர்கள்?"

துடைத்த படத்தையும் துடைக்காத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பொட்டுகள் ஏன் வந்தன, நான் ஏன் துடைத்தேன், துடைத்தது என் தவறு என்று மூன்றையும் சொன்னேன். அதற்குமேல் ரேச்சல் பேசினார். ஒவ்வொரு வட்டமாகக் காட்டி, இது இன்ன குடும்பம், இது இன்ன குடும்பம், இது என் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே போனார். ஏழாவது வட்டத்தில் துணைச் செயலர் கை காட்டி நிறுத்தினார். 'பருவகாலப் பயன்பாடு' என்று புதிதாக ஒரு நிறம் போடச் சொன்னார். கடிதம் தரவு ஆகாது என்று சொன்ன அதே மனிதர், அந்தக் கடிதத்தை வரைபடத்தோடு இணைக்கவும் சொன்னார். அந்த மாவட்டத்தில் வேலி வரவில்லை.

மீட்டிங் முடிந்ததும் முரளி சார் என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட முன்னாடியே காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

"விட்டிருக்க மாட்டேன். அதுக்காகக் காட்டாம இருப்பியா?"

ஆதாரம் கையில் இருக்கும்போது ஒரு மனிதரை அவருடைய வாடிக்கையாளர் முன்னால் விசிலோடு நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்று சில நாள் தோன்றும். விசில் இல்லாமல் அந்த ஆதாரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சில நாள் தோன்றும். உங்களுக்கு அந்த நிலை வந்தால் நீங்களே முடிவு செய்யுங்கள். நாற்காலியை மட்டும்தான் நான் தர முடியும்.

தண்டனை கிடைக்காமல் இல்லை. இரண்டு வாரம் அவர் என்னோடு தமிழில் பேசவில்லை. மூன்றாவது வாரம் என் மேஜையில் ஒளிரும் சட்டையையும் விசிலையும் வைத்தார். "இனிமே எல்லா சண்டேயும் நீதான்." என் விசா நீட்டிப்பில் அதே வாரம் கையெழுத்தும் போட்டார். விசில் கடைசி டிராயரில் இருக்கிறது. அதுவும் உங்களுக்குத்தான்.

சிரித்துவிட்டு மூடிவிடாதீர்கள், ஒன்று மிச்சம் இருக்கிறது. 'இதையே டெம்ப்ளேட்டா அனுப்பு' என்று முரளி சார் சொன்னாரே, நான் அனுப்பினேனே. பக்கத்து மாவட்டத்து வரைபடம் அதே பொத்தானால் துடைக்கப்பட்டு, எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே ரேச்சல் இல்லை. இருந்த அலுவலர் பார்த்தாரோ இல்லையோ, பதினைந்து நாள் ஓடிவிட்டது. திருத்தம் கேட்டு நான்கு முறை எழுதியிருக்கிறேன். நான்காவது கடிதத்தில் முரளி சாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று பதில் வந்திருக்கிறது. கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். துடைக்காத மூலப் படங்கள் வரைபடக் கோப்பின் முதல் அடுக்கில் இருக்கின்றன, வட்டங்களோடு. வேலி இன்னும் அங்கே போடவில்லை என்று ரேச்சல் சொல்கிறார். மழைக்கு முன்னால் ஐந்தாவது கடிதத்தை நீங்கள் எழுத வேண்டும். பதில் வந்தால் நம்பாதீர்கள், வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

கணினியின் முகப்பில் ஒரு படம் இருக்கும். அதையும் மாற்றிவிடாதீர்கள். போன வறட்சிக் காலத்தில் ரேச்சல் அனுப்பியது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மண். மாடு இல்லை, மனிதர் இல்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை. நடுவில் மட்டும் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துணி, நான்கு மூலையிலும் கல் வைத்து விரித்திருக்கிறது. கூடவே ஒரு வரி:

"மிஸ்டர் சாட்டிலைட், டீ குடிக்கப் போயிருக்கோம்."